தலைமடைக்குக் கடைமடை தேவைப்படும் வரை

கேள்வி இது: மழை முன்போல் காலத்தில் பெய்வதில்லை, பெய்தால் ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்கிறது. இந்த நிலையில் ஒரே மாதிரி வறட்சியை ஒரு சமூகம் எப்படியோ தாங்கிக்கொள்கிறது, இன்னொன்று சண்டையிலும் ஊரைவிட்டுப் போவதிலும் முடிகிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? அணையையும் குழாயையும் பெரிதாக்கினால் போதாதா?

போதாது. சில இடங்களில் அந்தப் பெரிதாக்கலே ஊரை உடைத்திருக்கிறது. ஏன் என்று சொல்ல ஒரு சின்ன வாய்க்காலிலிருந்து தொடங்குகிறேன்.

நேபாளத்தில் விவசாயிகளே வெட்டி, விவசாயிகளே நடத்தும் பாசன வாய்க்கால்கள் ஏராளம். ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பும் தடுப்பு, கல்லும் மண்ணும் மரக்கிளையும் புதர்க்கட்டுமாக அடுக்கியது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அதை அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளம் வடிந்ததும் ஊரே ஆற்றில் இறங்கி மறுபடி கல் சுமந்து அடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பரிதாபமாக இருக்கும். வருஷா வருஷம் இதே பாடா, ஒரு கான்கிரீட் தடுப்பணை கட்டிக் கொடுத்துவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். பல இடங்களில் அப்படிக் கட்டியும் கொடுத்தார்கள்.

எலினார் ஆஸ்ட்ராம் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட நேபாள வாய்க்கால்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொதுச்சொத்துகளை மக்கள் எப்படிக் கட்டிக் காக்கிறார்கள் என்ற ஆய்வுக்காக 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர் அவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். கணக்குப் பார்த்தபோது, கரடுமுரடான தடுப்பை வைத்துக்கொண்டு விவசாயிகளே நடத்திய வாய்க்கால்களில் கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேர்ந்தது. நிரந்தரத் தடுப்பணையோடு அரசுத் துறை நடத்திய பல வாய்க்கால்களில் தலைமடைக்குக் குறையில்லை, கடைமடை காய்ந்தது.

காரணத்தைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்கலாம். தலைமடைக்காரர் எந்தக் காலத்திலும் முதலில் தண்ணீர் எடுக்கக்கூடியவர். கீழே இருப்பவருக்கு விட வேண்டிய கட்டாயம் அவருக்கு இயற்கையாக எதுவும் இல்லை. ஆனால் வருஷா வருஷம் தடுப்பு உடைகிறதே, அதை அவர் தனியாகக் கட்ட முடியாது. கடைமடைக்காரரின் கையும் தோளும் வேண்டும். தண்ணீர் வராவிட்டால் கடைமடைக்காரர் கல் சுமக்க வரமாட்டார். ஆக, பங்கீட்டைக் காத்தது அந்த உடைகிற தடுப்புதான். கான்கிரீட் வந்தது, தடுப்பு உடைவது நின்றது, கடைமடைக்காரரின் உழைப்புக்கு வேலை இல்லாமல் போனது. அதோடு அவர் பேச்சுக்கு இருந்த மதிப்பும் போயிற்று.

நான் கான்கிரீட்டுக்கு எதிரி இல்லை. இடுப்பளவு ஓடும் ஆற்றில் ஆண்டுதோறும் கல் சுமப்பதை ஒரு பாரம்பரியம் என்று போற்றிப் பேசுவது, அந்தக் கல்லைச் சுமக்காதவர்களுக்கு எளிது. நான் சொல்வது இவ்வளவுதான்: கட்டுமானம் ஒரு கையால் தண்ணீரைக் கொடுக்கும்போது, இன்னொரு கையால் மனிதர்களுக்கிடையே இருந்த தேவையை எடுத்துவிடுகிறது. எடுத்த இடத்தில் வேறொரு பிடிமானத்தை வைக்கிறோமா என்று யாரும் கேட்பதில்லை. திட்ட அறிக்கையில் சிமெண்டுக்குக் கணக்கு உண்டு, இதற்குக் கிடையாது.

இதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து காட்டுவது இந்தோனேசியாவின் பாலித் தீவு. அங்கே மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்களுக்கு சுபாக் என்ற விவசாயிகளின் நீர்ச்சங்கங்கள் தண்ணீர் பிரிக்கின்றன. எந்தச் சங்கம் எப்போது நடவு செய்வது, எப்போது வயலைத் தரிசாகப் போடுவது என்பதெல்லாம் நீர்க்கோயில்களில் கூடி முடிவாகும். 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. இந்த முறையெல்லாம் பழங்கால வழக்கம், புதிய ரக நெல்லை முடிந்தவரை தொடர்ந்து நடுங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். விவசாயிகளும் செய்தார்கள். முதலில் விளைச்சல் கூடியது. அப்புறம் பூச்சி வந்தது. புகையான் தாக்குதல் வயல் வயலாகப் பரவியது. தண்ணீர்ப் பங்கீடும் குழம்பியது.

ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர், ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரோடு சேர்ந்து இதைக் கணினி மாதிரியாகப் போட்டுப் பார்த்தார். ஒரு பெரிய பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்குத் தின்ன எதுவும் இருக்காது, செத்துப்போகும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டால் தண்ணீர் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவே எந்த அளவுப் பரப்பு சேர்ந்து இயங்கினால் நல்லது என்ற கணக்கை, கோயில் வழியாக விவசாயிகள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மேலே இருக்கும் விவசாயிக்குத் தண்ணீர் பயம் இல்லை, பூச்சி பயம் உண்டு. கீழே இருப்பவருக்குத் தண்ணீர் பயம். கீழ் வயல்காரர் தண்ணீர் கிடைக்காமல் கண்ட நேரத்தில் நட்டால், அங்கிருந்து பூச்சி மேல் வயலுக்கும் வரும். அதனால் மேல் வயல்காரர் தண்ணீர் விட்டுக் கொடுத்தார். தியாகம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஒருவர் பிழைப்பு இன்னொருவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

வறட்சியைத் தாங்கும் ஊருக்கும் உடையும் ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில் கேட்டால் நான் இங்கே கைகாட்டுவேன். முதலில் தண்ணீர் எடுக்க முடிகிறவருக்கு, கடைசியில் எடுப்பவர் எந்த விதத்திலாவது தேவைப்படுகிறாரா? தேவைப்பட்டால் அந்த அமைப்பு பேச்சுவார்த்தை நடத்தியாவது பிழைக்கும். தேவைப்படாவிட்டால் முதல் கெட்ட வருஷத்திலேயே பிளவு தெரிந்துவிடும்.

ஒரு சொல்லைப் பற்றியும் பேசிவிடுகிறேன். அடி விழுந்தும் நிற்கும் இந்தத் தன்மைக்குத் தமிழில் மீள்திறன் என்றும் தாங்குதிறன் என்றும் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. மீள்வது என்றால் பழைய இடத்துக்கே திரும்புவது. ஆனால் சூழலியலாளர் சி. எஸ். ஹாலிங் 1973இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது அழுத்திச் சொன்னது வேறு: அடி விழுந்தால் எவ்வளவு வேகமாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு அடி வாங்கியும் தன் அடிப்படைத் தன்மை மாறாமல் இருக்கிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதுதான் இங்கே முக்கியம். மழையே மாறிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் போகப் பழைய நிலை என்று ஒன்று இல்லை. 2008இல் நீரியல் அறிஞர்கள் சிலர் இதை வெளிப்படையாகவே எழுதினார்கள்: கடந்தகாலப் பதிவுகளை வைத்து வருங்காலத்தின் மழைக்கும் வெள்ளத்துக்கும் வரம்பு கட்டும் பழக்கம் செத்துவிட்டது என்று. அதனால் தாங்குதிறன் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பழைய பதிவை நம்பிப் பங்கு போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொலராடோ ஆறு சாட்சி. 1922இல் அமெரிக்காவின் ஏழு மாநிலங்கள் அதைப் பங்கு பிரித்தன. மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். 1944 ஒப்பந்தத்தில் மெக்சிகோவுக்கு இன்னொரு 15 லட்சம். ஒரு ஏக்கர்-அடி என்பது சுமார் 1,233 கன மீட்டர். பங்கு போட்டவர்கள் கையில் இருந்த பதிவுகள் வழக்கத்துக்கு மாறாக மழை மிகுந்த ஆண்டுகளுடையவை. மர வளையங்களைப் படித்துப் பிற்பாடு கணித்தபோதுதான், அந்தக் காலம் எவ்வளவு ஈரமானது என்று தெரிந்தது. 2000க்குப் பிறகு ஆற்றில் வந்தது சராசரியாகச் சுமார் 1.2 கோடி ஏக்கர்-அடிதான். காகிதத்தில் 1.65 கோடி, ஆற்றில் 1.2 கோடி.

வித்தியாசம் பல ஆண்டுகள் வெளியே தெரியவில்லை, ஏனென்றால் பெரிய பெரிய நீர்த்தேக்கங்கள் அதை மறைத்து வைத்திருந்தன. 2021 ஆகஸ்டில்தான் முதன்முறையாகக் கீழ்ப்படுகைக்குப் பற்றாக்குறை அறிவித்தார்கள். 2022இல் அந்த ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான மீட், 1930களில் நிரப்பத் தொடங்கிய பிறகு கண்ட மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கியது. அணை கெட்ட செய்தியைத் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போட்ட காலத்தில் நகரங்கள் வளர்ந்துவிட்டன, வயல்கள் விரிந்துவிட்டன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படுகையில் இன்று 30 பழங்குடிச் சமூகங்கள் அங்கீகாரம் பெற்று இருக்கின்றன. 1922இல் அவர்களில் ஒருவரையும் அழைக்கவில்லை. மேஜையில் இல்லாதவரின் பங்கை எண்ணாமல் போட்ட கணக்கு என்றைக்காவது திரும்பி வரத்தான் செய்யும். இன்று அங்கே நடக்கும் பேச்சுவார்த்தைகளில் அது திரும்பி வந்திருக்கிறது.

சரி, இது ஆறு. நகரத்தில் தலைமடை, கடைமடை எல்லாம் ஏது என்று கேட்கலாம். உண்டு. குழாயின் விட்டமும் வீட்டின் வருமானமும்தான் அங்கே மடை.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தின் கதையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். தண்ணீர்ச் சிக்கனத்துக்காக 2015இல் சர்வதேச விருது வாங்கிய நகரம் அது. அதே 2015இல் தொடங்கி மூன்று ஆண்டுகள் மழை பொய்த்தது. நகரத்தின் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் மழையை நம்பிய அணைகளிலிருந்து வந்ததால் வேறு போக்கிடம் இல்லை. 2018 பிப்ரவரி 1 முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். அணை மட்டம் 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் வீட்டுக் குழாய்களை மூடிவிட்டு, சுமார் 200 இடங்களில் தலைக்கு 25 லிட்டர் வரிசையில் நின்று வாங்க வேண்டும் என்பது திட்டம். அந்த நாளுக்கு 'பூஜ்ய நாள்' என்று பெயர். அது வரவே இல்லை. நகரத்தின் பயன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது, ஜூனில் மழையும் வந்தது.

எப்படி இறங்கியது என்பதில்தான் பாடம் இருக்கிறது. கட்டணத்தை ஏற்றினார்கள், குழாய் அழுத்தத்தைக் குறைத்தார்கள், எந்த வீடு வரம்புக்குள் இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கும்படி வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைத்தார்கள். பக்கத்து மலைப்பகுதியின் விவசாயிகள் சங்கம் தங்கள் சொந்த அணைகளில் இருந்த 1,000 கோடி லிட்டர் தண்ணீரை நகரத்துக்குத் திறந்துவிட்டது. அந்தச் சில வாரங்களில் அது பெரிய ஆறுதல். இவ்வளவும் உண்மை, பாராட்ட வேண்டியதும்கூட.

ஆனால் அதே நகரத்தின் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்கள் முன்னரே தெருக்குழாயில் வாளியோடு வரிசையில் நின்றவர்கள்தான். நகரம் அஞ்சிய அந்த நாள் அவர்களுடைய சாதாரண நாள். வசதியானவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டார்கள். போட்டதும் நகரத்துக் குழாயின் தேவை அவர்களுக்குக் குறைந்தது, அதோடு அவர்கள் கட்டிய பணமும் குறைந்தது. தண்ணீர் விற்பனை பாதியானால் வருமானமும் விழும். குழாயைப் பராமரிக்கும் செலவு பாதியாகுமா? ஆகாது. நகர நிர்வாகம் குழாயின் அளவைப் பொறுத்து நிலையான மாதக்கட்டணம் கொண்டுவந்தது. சிக்கனமாக இருந்ததற்கு இதுவா பரிசு என்று மக்கள் கொதித்தார்கள். நேபாளத்துத் தலைமடைக்காரர் கான்கிரீட் வந்ததும் செய்ததைத்தான், ஆழ்துளைக் கிணறு போட்டவர் இங்கே செய்தார். பொது அமைப்பை விட்டு விலக வழி கிடைத்தது, விலகினார். நகரத் தண்ணீரைப் பற்றி யோசிப்பவர்கள் அடுத்த வறட்சிக்கு அணை எவ்வளவு நிரம்பும் என்று பார்ப்பதைப் போலவே, எத்தனை பேர் பொதுக் குழாயில் மிஞ்சியிருப்பார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

மாற்று ஆதாரங்கள் வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீராக 1968 முதல் பயன்படுத்துகிறது. உலகத்திலேயே அதுதான் முதல். அரை நூற்றாண்டுக்கும் மேலாக வறண்ட நிலத்தில் ஒரு தலைநகரம் நிற்கிறது என்றால் அதில் இந்த நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது எல்லோருக்கும் பொதுவான தண்ணீர் என்பதையும் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சி. 2007இல் கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையம் கட்ட முடிவெடுத்து, 2012இல் கட்டி முடித்தார்கள். அதற்குள் மழை வந்துவிட்டது. அங்கிருந்து தண்ணீர் முதலில் எடுக்கப்பட்டது 2017இல். இதை வீண் செலவு என்று திட்டுபவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை, காப்பீடு எடுத்தவர் விபத்து நடக்கவில்லையே என்று வருந்துவதில்லை. ஆனால் வறட்சியின் நடுவே, பயத்தில், ஒப்பந்தம் போட்டால் விலை ஏறும், கேள்வி கேட்க நேரம் இருக்காது. இப்படிப்பட்ட முடிவுகளை நல்ல மழைக்காலத்தில் எடுக்க வேண்டும், அப்போதுதான் யாரும் எடுப்பதில்லை.

சிக்கனப் பாசனம் பற்றி ஓர் எச்சரிக்கை. சொட்டுநீர் போட்டால் தண்ணீர் மிச்சம் என்பது ஒரு வயலைப் பார்த்தால் சரி. முன்பு வாய்க்காலில் கசிந்து 'வீணான' தண்ணீர் எங்கே போனது? கீழே உள்ளவரின் கிணற்றில் ஊறியது, ஆற்றுக்குத் திரும்பியது. மேலே மிச்சப்படுத்தியவர் அந்தத் தண்ணீரில் இன்னும் நாலு ஏக்கர் சேர்த்துப் பயிரிட்டால், கீழே இருப்பவருக்கு இரட்டை நஷ்டம். உலகின் பல படுகைகளில் இது நடந்திருக்கிறது. மிச்சமாகும் தண்ணீர் யாருக்கு என்று முன்கூட்டியே எழுதாமல் கொடுக்கும் மானியம், கடைமடையிலிருந்து தலைமடைக்குத் தண்ணீர் மாற்றும் மானியமாக முடியும்.

வெள்ளத்திலும் இதே கதைதான், தலைகீழாக. கரையை உயர்த்தினால் சின்ன வெள்ளங்கள் நிற்கும். சின்ன வெள்ளம் வராததால் மக்கள் பயம் தெளிந்து கரையோரம் வீடு கட்டுவார்கள். கரை ஒருநாள் உடையும்போது சேதம் பல மடங்கு. புவியியலாளர் கில்பர்ட் வைட் 1940களிலேயே இதை எச்சரித்தார். 1995இல் ஆறுகள் பெருகியபோது நெதர்லாந்தில் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர்கள் கரையை இன்னும் உயர்த்துவதை மட்டும் நம்பாமல், முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் விட்டுக் கொடுத்தார்கள்.

அதில் ஓவர்டீப்ஸ என்ற பண்ணைத் தாழ்நிலம் ஒன்று. அங்கே கரையைத் தாழ்த்தி, பெருவெள்ளத்தில் தண்ணீரை உள்ளே விட்டால் சுற்றியிருக்கும் நகரங்கள் தப்பும். அங்கிருந்த விவசாயிகளைக் கிளப்பிவிடத்தான் நினைத்தார்கள். விவசாயிகள் தாங்களே ஒரு திட்டத்தோடு வந்தார்கள்: உயரமான மேடுகள் கட்டுங்கள், வீட்டையும் மாட்டுக்கொட்டிலையும் அதன்மேல் வைத்துக்கொள்கிறோம், சராசரியாக 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வயல் மூழ்கினால் மூழ்கட்டும். எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. சில குடும்பங்கள் நஷ்டஈடு பெற்றுக்கொண்டு வேறு இடம் போயின. வலி இல்லாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகரத்தின் பாதுகாப்பு தங்கள் வயல் வழியாகத்தான் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும், நகரத்துக்கும் தெரியும். அதனால் பேச முடிந்தது.

எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது கேட்டால் நான் இரண்டைச் சொல்வேன். ஒன்று, அளவு எல்லோர் கண்ணிலும் பட வேண்டும்: கிணற்று மட்டம், அணை மட்டம், யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது. நிலத்தடி நீர் விஷயத்தில் இது இன்னும் அவசரம், அங்கே எல்லோருமே தலைமடைக்காரர்கள், யார் எடுத்ததும் யாருக்கும் தெரியாது. இரண்டு, கெட்ட வருஷத்தின் பங்கீட்டு விதி நல்ல வருஷத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

இரண்டாவதை எப்படிச் செய்வது என்பதற்கு ஸ்பெயினின் வலென்சியாவைப் பார்க்கலாம். அங்கே தூரியா ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் ஒவ்வொன்றுக்கும் இருப்பது இத்தனை லிட்டர் என்ற உரிமை அல்ல, வருவதில் இத்தனை பங்கு என்ற உரிமை. ஆறு குறைந்தால் எல்லோருக்கும் குறையும். வாய்க்காலுக்குள்ளும் மூன்று காலத்துக்கு மூன்று விதி: தண்ணீர் மிகுந்த காலத்தில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும், முறையைத் தவறவிட்டவர் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். கடும் வறட்சியில் எந்தப் பயிர் சாகப்போகிறதோ அதற்குத்தான் முதல் தண்ணீர்.

விதியை மீறினால் வியாழக்கிழமை தோறும் நடுப்பகலில், பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் கூடும் நீர் மன்றத்தில் நிற்க வேண்டும். எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள், அவர்களும் விவசாயிகளே, கறுப்பு மேலங்கி போட்டு வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். வக்கீல் கிடையாது. பேச்சு எல்லாம் வாய்மொழிதான். தலைவர் யாரைப் பேசச் சொல்கிறாரோ அவரைக் காலால் சுட்டிக் காட்டுவார். வழக்கு எந்த வாய்க்காலைச் சேர்ந்ததோ அதன் பிரதிநிதி தீர்ப்பில் சேரமாட்டார். 2009இல் யுனெஸ்கோ இந்த மன்றத்தைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பெரும்பாலான வியாழக்கிழமைகளில் வழக்கே இருக்காது. பணியாளர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கச் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று கேட்பார். யாரும் முன்வரமாட்டார்கள். எட்டாவது பெயர் முடிந்ததும் எழுந்து கலைந்துபோவார்கள். அடுத்த வியாழனும் வந்து உட்காருவார்கள்.